சிற்றம்பலம் மூன்று முறை விழுந்த இடம்

வன்னியில் குளிர் என்று சொன்னால் நுவரெலியாவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒட்டுசுட்டானில் எங்கள் நீர்ப்பாசன அலுவலக முற்றத்தில் மழைமானிக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியும் இருந்தது. காலையில் அதைப் பார்ப்பது என் வேலை. மார்கழியிலும் தையிலும்கூட அது பரனைற் அளவில் அறுபத்தாறு டிகிரிக்குக் கீழே இறங்கிய நாட்கள் குறைவு. ஆனால் வெப்பமானி ஓரிடத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் பொருள். இருட்டில், ஈரக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, மணிக்கு முப்பது மைல் வேகத்தில் காட்டு வழியே மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்த எண் பொருந்தாது. இதை எனக்கு விளங்க வைத்தவர் சிற்றம்பலம்.

அவர் எங்கள் அடுத்த வளவில் குடியிருந்தார். மாங்குளத்தில் மயில்வாகனம் என்பவருடைய மரக்காலையில் கிளாக்கர் வேலை. காட்டில் தறித்த பாலை, முதிரை மரக் குற்றிகளை ஏற்றிய லொறிகள் விடியுமுன்பே அங்கு வந்து நிற்கும். குற்றிகளை அளந்து, முனையில் இலக்கமிட்டு, ரயிலுக்கு அனுப்பி வைப்பவர் சிற்றம்பலம். அவர் வராமல் லொறியில் இருந்து ஒரு குற்றியும் இறங்காது. அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. ஆகவே பதினைந்து மைலையும் ஒவ்வொரு நாளும் இருட்டோடு கடந்தார். வவுனியாவில் ஒரு நில அளவையாளரிடம் 1958 இல் வாங்கிய பழைய பச்சை நிற பீ. எஸ். ஏ. மோட்டார் சைக்கிள் அவருடைய வாகனம்.

குடும்பத்தை மாங்குளத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. மனைவி விமலேஸ்வரி ஒட்டுசுட்டான் பாடசாலையில் தையல் ரீச்சர். வீடு இருந்ததும் அவருடைய சீதன வளவில். இரண்டு வயதில் ஒரு மகள். மாலையில் மோட்டார் சைக்கிளின் சத்தம் சந்தியில் கேட்டதும் அந்தப் பிள்ளை வேலிப் படலைக்கு ஓடும்.

ஆவணி, புரட்டாதியில் சிற்றம்பலம் ஒரு சேட்டோடு போய் வருவார். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழத் தொடங்கியதும் அவர் வெளிக்கிடுவது வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கே ஒரு வேடிக்கை. முதலில் பெனியன். அதற்கு மேல் நெஞ்சையும் வயிற்றையும் மூடி, நாலாக மடித்த பத்திரிகை. அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைதான், மற்ற நாட்களின் தாள் போதாது என்பார். பத்திரிகைக்கு மேல் சேட்டு, சேட்டுக்கு மேல் வவுனியாச் சந்தையில் எடுத்த பட்டாளத்துக் கோட்டு. முழங்காலுக்குக் கீழே, இரு கால்களுக்கும் முன்னால் கமுகம் மடல் வைத்துத் தும்புக் கயிற்றால் கட்டுவார். தலையையும் காதையும் தாடையையும் சுற்றி ஒரு துவாய், பிடரியில் முடிச்சு. கையுறை அந்த நாட்களில் எங்கள் கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு சோடிக் கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டி, பெருவிரலுக்கு ஒரு துளை போட்டிருந்தார்.

இவ்வளவும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பரீட்சையில் தேறியது. தேறாதவையும் உண்டு. ஒருமுறை வெறும் சாராயப் போத்தலில் சுடுநீர் நிரப்பி, தக்கையை இறுக்கி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். சூடு பாதி வழியோடு ஆறிவிட்டது. மரக்காலையில் கோட்டைக் கழற்றியபோது போத்தல் வெளியே தலைகாட்ட, ஒரு லொறிக்காரர் பக்கத்தில் வந்து, “கிளாக்கர், எனக்கும் ஒரு மிடறு தாங்கோவன்” என்று இரகசியமாகக் கேட்டாராம். அத்தோடு போத்தல் நின்றது. நல்லெண்ணெயில் கற்பூரம் கரைத்துக் கையில் பூசிப் பார்த்தார், கைப்பிடி வழுக்கியது. வறுத்த தவிட்டைத் துணியில் பொட்டலமாகக் கட்டிக் கோட்டுப் பையில் வைப்பது ஓரளவு பலன் தந்தது. எல்லாவற்றிலும் சிறந்தது அவித்த பனங்கிழங்கு என்று கண்டுபிடித்தார். ஒரு பைக்கு நாலு கிழங்கு. நடு வழியில் நின்று கையை அதற்குள் விட்டுக்கொள்ளலாம், போய்ச் சேர்ந்ததும் தின்னலாம்.

இத்தனைக்குப் பிறகும் அவர் விழுந்தார். 1959 மார்கழியில் ஒருமுறை. 1961 தையில் ஒருமுறை. அதே ஆண்டு மார்கழி பிறந்த கிழமையில் மூன்றாம் முறை. மூன்றும் ஒரே இடத்தில்.

கரிப்பட்டமுறிப்பு வயல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடம் அது. வீதியோரத்தில் ஒரு பாலை மரத்தடியில் சிறிய கல் பிள்ளையார் இருந்தார். கூரை கிடையாது. காட்டுக்குள் நுழைகிறவர்கள் இறங்கி, ஒரு இலைக் குழையை முறித்து அவர் முன்னால் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்பால் ஆறேழு மைலுக்கு யானைக் காடு. கேட்காமல் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

மூன்றாம் முறை விழுந்த அன்று மாலை அவர் முழங்கால் கிழிந்த காற்சட்டையோடு வந்து இறங்கினார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

“எங்கை விழுந்தனீங்கள்?” என்று விமலேஸ்வரி கேட்டார்.

“அதே இடத்திலைதான்.”

“பிள்ளையாரடியிலையோ?”

“ஓம்.”

விமலேஸ்வரி குரலை உயர்த்தாமலே சொன்னார். “இஞ்சை பாருங்கோ. தைப்பொங்கல் வரைக்கும் பொறுப்பன். அதுக்கிடையிலை இன்னொருக்கா விழுந்தியளெண்டால், உந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டு மயில்வாகனத்தாற்றை அறையிலை போய் இருங்கோ. சனிக்கிழமையிலை வந்தால் காணும்.”

“சனிக்கிழமையிலை மட்டுமோ?”

“உயிரோடை வாற ஆள் சனிக்கிழமையிலை வந்தால் எனக்குக் காணும்.”

மரக்காலைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. சிற்றம்பலத்துக்கு முன் கிளாக்கராக இருந்த தவராசா அதில்தான் மூன்று வருடம் தங்கியிருந்தார். அவர் பளையைச் சேர்ந்தவர். கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவார். ஒருநாள் அவருடைய சின்ன மகன் தாயைக் கூப்பிட்டு, அவர் காதுபடவே, “அம்மா, இந்த மாமா எப்ப போவார்?” என்று கேட்டானாம். இதைச் சிற்றம்பலம் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வேடிக்கைக் கதைபோலத்தான் தொடங்குவார். முடிக்கும்போது ஒருமுறையும் சிரித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் மிதிவண்டியில் போய் இடத்தைப் பார்த்தேன். பள்ளம் இல்லை. சிதறிய கிறவல் கல் இல்லை. எண்ணெய் சிந்திய அடையாளம் இல்லை. யானை லத்தி மிதித்து வழுக்கியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள்; பிள்ளையாரடிக்கு இந்தப் பக்கம் யானை வந்த தடயமே இல்லை. வீதி நூல் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. மற்ற மாதங்களில் அதே வழியில், அதே இருட்டில் போகிறவர் ஒருமுறையும் விழாமல், குளிர் நாட்களில் மட்டும், அதுவும் அந்த இடத்தில் மட்டும் ஏன் விழவேண்டும்? விமலேஸ்வரி அதைப் பிள்ளையாரின் கோபம் என்று நினைத்தார். வெளியே சொல்லவில்லை, ஆனால் வெள்ளிதோறும் ஒரு தேங்காய் உடைத்தார்.

என்னிடம் இருந்த இன்னொரு வெப்பமானியைச் சிற்றம்பலத்திடம் கொடுத்தேன். இரண்டு காலைகளில் வழியில் மூன்று இடங்களில் நின்று, ரோச் வெளிச்சத்தில் பார்த்து வந்து சொன்னார். வீட்டடியில் அறுபத்தாறு. கரிப்பட்டமுறிப்பு வயல்வெளியில் அறுபத்தொன்று. காட்டுக்குள் அரை மைல் போனதும் மறுபடி அறுபத்தைந்து. குளிர் தண்ணீரைப்போலத் தாழ்ந்த வயலில் தேங்கி நிற்கிறது என்று விளங்கியது. வயல் முடியும் இடத்தில், அதாவது பிள்ளையாரடியில், அவருடைய விரல்கள் ஆகக்கூடுதலாக விறைத்திருக்கும். ஆனால் விறைத்த விரலோடு நேர் வீதியில் ஒருவர் விழவேண்டும் என்று கட்டாயம் இல்லையே. கேள்வியின் பாதிதான் தீர்ந்தது.

மீதிப் பாதியைத் தீர்த்தவர் கலந்தர். சந்தியில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் திருத்துகிறவர். தண்ணீரூற்று என்ற ஊரைச் சேர்ந்தவர். சிற்றம்பலத்தை விடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்களின் வழக்கப்படி அவரை எல்லோரும் ‘நானா’, அதாவது அண்ணன், என்போம். திருத்தும் கொட்டிலுக்குப் பின்னாலேயே குடியிருந்தார். வண்டியை முழுதாகக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஹாண்டில் கழுத்துக் குண்டு சரி. சில்லு நேர். பிறேக் போன மாசம் நான் போட்டது. சைக்கிள்ளை ஒரு பிழையும் இல்லை, தம்பி.”

“அப்ப பிழை எங்கை, நானா?”

“சைக்கிளுக்கு மேலை ஏறி இருக்கிறதிலை.”

“பகிடி விடாதேங்கோ.”

“நித்திரை தூங்கிறியளோ?”

“அந்தக் கூதலுக்கை ஆர் தூங்குவான்?”

“கையை விட்டுப்போட்டு ஓடிறியளோ?”

“என்ன கதை கதைக்கிறியள்? நான் என்ன சேர்க்கஸ்காரனே?”

நானும் அப்போது அங்கே நின்றேன். சிற்றம்பலம் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். பொய் சொல்லும் முகமல்ல அது.

கலந்தர் துணியில் கையைத் துடைத்தார். “மாங்குளத்து ரயில்லை எனக்கு ஒரு சாமான் வருது. நாளைக்கு நானும் பின்னாலை ஏறி வாறன். ஆனையோ பேயோ, ரெண்டுபேருமாப் பாப்பம்.”

அடுத்த நாள் நடந்ததை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். ஒரு விடயத்தில் மட்டும்தான் வேறுபட்டார்கள். கலந்தர் அலறினார் என்று சிற்றம்பலம் சொன்னார். தாம் கொஞ்சம் பலத்துக் கதைத்ததாகக் கலந்தர் சொன்னார்.

புறப்பட்டபோதே கலந்தருக்குப் பல் கிட்டியது. சாரமும் சேட்டும் ஒரு மெல்லிய சால்வையுமாக வந்திருந்தார். “உங்கடை முதுகு பெரிசு, அதுக்குப் பின்னாலை ஒளிச்சிருப்பன் எண்டு நினைச்சன். காத்து சுத்தி வருது, தம்பி!” என்று காதுக்குள் கத்தினாராம். வயல்வெளிக்கு வந்ததும் அதுவும் நின்றது. பனி வெளிச்சத்தை விழுங்கியது. முன்னால் பத்து யார் தூரம்தான் தெரிந்தது. பிறகு இடப் பக்கத்தில் பாலை மரத்தின் கறுப்பு உருவம் வந்தது. அந்தக் கணம் சிற்றம்பலத்தின் இரு கைகளும் கைப்பிடியை விட்டு மேலே போயின. காலுறை போட்ட கைகள் நெற்றிக்கு நேரே கூடின. கூடிப் பிரிந்து, நெற்றிப் பொட்டில் இரண்டு குட்டுக் குட்டி, பிறகுதான் இறங்கின. இறங்கியபோது விறைத்த விரல்கள் கைப்பிடியைச் சரியாகப் பிடிக்கவில்லை. வலது கை பிடித்தது, இடது கை நழுவியது. வண்டி வளைந்து புல்லுக்குள் இறங்கி, குலுங்கி, அணைந்து நின்றது. இருவரும் விழவில்லை.

“யா அல்லா! ரெண்டு கையையும் விட்டிட்டியளே!” என்றார் கலந்தர்.

“நான் எங்கை விட்டனான்?”

“இப்ப! என்ரை கண்ணுக்கு முன்னாலை!”

“அது கும்பிட்டதெல்லே, நானா.”

“கும்பிடேக்கை கை எங்கை கிடந்தது?”

சிற்றம்பலம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோல. கையை விட்டு ஓட்டுகிறீர்களா என்று கேட்டால் அவருடைய மனத்தில் வருவது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டும் இளந்தாரிகள். கும்பிடுவதை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நடக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, கோயிலைக் கண்டால் கை தானாக எழும். அதை எண்ணி வைப்பவர் யார்?

“மற்ற மாசங்களிலையும் இப்பிடித்தானோ?” என்று கலந்தர் கேட்டார்.

“இல்லை. மற்ற நாளிலை இறங்கித்தான் கும்பிடுவன். இப்ப எப்பிடி இறங்கிறது? தலையிலை துணியோடை சாமிக்கு முன்னாலை நிக்கேலாது. இந்தத் துவாய் முடிச்சை அவிட்டு, கையிலை போட்ட காலுறையைக் கழட்டி, சப்பாத்துக் கயித்தை இழுத்து, திரும்பக் கட்டி முடிக்க விடிஞ்சு போம். லொறியெல்லாம் காவல் நிக்கும்.”

“ஓடிக்கொண்டு கும்பிட்டால் தலையிலை துணி இருக்கலாமோ?”

“ஓடேக்கை அது வேறை.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் நினைச்சன்.”

கலந்தர் பெரிய சத்தமாகச் சிரித்தார். “நாங்களும் வழியிலை இறைவன்ரை பேரைச் சொல்லித்தான் போறம், தம்பி. வாய் சொல்லும். கை ஹாண்டில்ல கிடக்கும். நீங்கள் இண்டைக்கு ரீச்சரிட்டைச் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?”

“நானே சொல்லுறன். நீங்கள் சொன்னால் ஊருக்கே கேக்கும்.”

அன்று மாலை சொன்னார். விமலேஸ்வரி தைத்துக்கொண்டிருந்ததை மடியில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் கோபம்.

“எத்தினை நாளாய் உப்பிடி?”

“குளிர் நாளிலை ஒவ்வொரு நாளும்தான்.”

“ஒவ்வொரு நாளும்! மூண்டு தரம்தான் விழுந்தது எண்டு நான் தேங்காய் உடைச்சது காணாது போலை. பிள்ளையார் உங்களை எத்தினை தரம் தாங்கிப் பிடிச்சிருப்பர்!” சற்று யோசித்தார். “நாளையிலையிருந்து மனதுக்கை கும்பிடுங்கோ. அவருக்கு அது கேக்கும்.”

சிற்றம்பலம் ஒப்புக்கொண்டார். மறுநாள் வயல்வெளியில் இருந்தே, கை எழாது, கை எழாது என்று தமக்குள் சொல்லிக்கொண்டு போனார். மரம் வந்தது. கைகள் மார்பு மட்டத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தார். அதற்கடுத்த நாள் ஒரு கை மட்டும் எழுந்தது. வந்து உள்ளபடி சொன்னார்.

“கைப்பிடியோடை சேர்த்துக் கட்டிவிடட்டோ?” என்று கேட்டார் விமலேஸ்வரி.

“ஆனை வந்தால் எப்பிடி ஓடிறது?”

“அப்ப இறங்கித்தான் கும்பிடவேணும். உதெல்லாத்தையும் போட்டுக்கொண்டு வந்து இதிலை நில்லுங்கோ.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், வெயிலில், அவர் முழுக் கோலத்தோடு முற்றத்தில் நின்றார். பிள்ளை ஓடிவந்து கமுகம் மடலைத் தட்டிப் பார்த்தது. விமலேஸ்வரி ஒரு கதிரையில் இருந்து, “இப்ப கழட்டுங்கோ” என்றார். அவர் கழற்றக் கழற்ற எந்த முடிச்சில் கை தடுமாறுகிறது, எதைக் கழற்றிய பிறகு எது தடுக்கிறது என்று பார்த்தார். பிறகு அளவுநாடாவை எடுத்தார்.

மூன்று மாலைகளில் அது தயாரானது. பழைய கம்பளி ஒன்றை வெட்டி, தலை மூடியும் கழுத்தும் தோளும் முதுகும் ஒரே உடையாக வரும்படி தைத்திருந்தார். உள்ளே அவருடைய பழைய நூல் சேலை. முன்னால் நெஞ்சில் ஒரே ஒரு நாடா. கையில் போடும் காலுறைகளையும் நீளமான நாடாவால் அதனோடு இணைத்திருந்தார். நெஞ்சு நாடாவை இழுத்து, தோளை ஒருமுறை குலுக்கினால், வாழைப்பூ மடல் கழன்றதுபோல முழுவதும் பின்னால் இருக்கையில் விழும். சப்பாத்துக் கயிற்றை எடுத்துவிட்டு இலாஸ்ரிக் போட்டார். கலந்தர் ஒரு புத்தி சொன்னார்: “இறங்கேக்கை எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ. கூதலுக்கை திரும்ப உதைச்சு எடுக்க ஏலாது.”

முதல் நாள் இறங்கினார். எஞ்சின் மெதுவாக ஓடியதால் விளக்கும் மங்கியது. அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்தில் பிள்ளையார் பாதிதான் தெரிந்தார். சப்பாத்தை உதறிவிட்டு நாடாவை இழுத்தார். தலையும் கையும் ஒரே நேரத்தில் வெறுமையாயின. குளிர் கழுத்தில் கத்திபோல இறங்கியது. ஒரு குழையை முறித்துப் போட்டு, நெற்றியில் குட்டி, காதைப் பிடித்து அவசரமாக மூன்று தோப்புக்கரணம் போட்டார். மறுபடி ஏறிப் போனார். அன்று மாலை என்னிடம் வந்து, “ஒரு சங்கதி. காதைப் பிடிச்சுக் குந்தி எழும்பினாப் பிறகு விரல் கொஞ்சம் வழத்துக்கு வந்து, சொன்னபடி மடங்கின மாதிரிக் கிடந்தது. நான் சும்மா நினைக்கிறனோ தெரியேல்லை” என்றார்.

சும்மா நினைக்கிறாரா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. வெப்பமானியின் குமிழை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, தோப்புக்கரணத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கிழமை பார்த்தார். மூன்று போட்டால் வித்தியாசம் இல்லை. ஏழு போட்டால் கொஞ்சம். பன்னிரண்டு போட்டால் உள்ளங்கை ஐந்து, ஆறு டிகிரி ஏறியது. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இரத்தம் வந்து சேர்ந்தது. தவிட்டுப் பொட்டலமும் போத்தலும் கற்பூர எண்ணெயும் தராத பலன் அது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நின்ற இடத்தில்தான் அவருக்குச் சூடு கிடைத்தது என்பதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. மரக்காலையில் போய் இறங்கியதும் பேனையைப் பிடிக்க முடிந்தது. முன்பு கை ஒத்துழைக்கும்வரை லொறிக்காரர்கள் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார்கள்.

“பிள்ளையாருக்கு என்ன இவ்வளவு தோப்புக்கரணம்? அப்பிடி என்ன பிழை விட்டனீங்கள்?” என்று விமலேஸ்வரி ஒருநாள் பகிடி பண்ணினார்.

“மூண்டு வருசத்துக் கணக்கிருக்கு” என்றார் சிற்றம்பலம்.

நாட்கள் போயின. பொங்கலுக்கு முதல் நாள் சனிக்கிழமை. அன்றைய பனிபோல அந்தப் பருவத்தில் வேறொன்று இல்லை. எங்கள் முற்றத்து மழைமானியே கண்ணில் படவில்லை. சிற்றம்பலம் பிள்ளையாரடியில் இறங்கி, பன்னிரண்டும் போட்டு, கம்பளியை இழுத்து மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். கால் மைல் போயிருப்பார். வெளிச்சத்துக்குள் திடீரென்று கறுப்பாக ஏதோ எழுந்தது. தார் வீதி பகல் சூட்டை இரவில் கொஞ்சம் வைத்திருக்கும். அதற்காக மாடுகள் வந்து படுப்பதுண்டு. அன்று படுத்திருந்தவை எருமைகள், வீதிக்குக் குறுக்கே ஒரு பட்டியே.

இரண்டு கைகளாலும் பிறேக்கையும் கிளச்சையும் முழுதாக அழுத்தினார். வண்டி வழுக்கி, வாலைத் திருப்பி, முன் சில்லு ஒரு எருமையின் விலாவில் மெல்ல முட்டியதோடு நின்றது. எருமை எழுந்தது. அது எழுந்த வேகத்தில் வண்டி பக்கவாட்டாகச் சரிந்து வீதியில் விழுந்தது. சிற்றம்பலம் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலைத் தூக்கி எடுத்து, நின்ற நிலையில் நின்றார். எருமைகள் ஒவ்வொன்றாக எழுந்து, அவரைத் திரும்பியும் பாராமல் காட்டுக்குள் போயின.

ஒரு கால்மிதி வளைந்திருந்தது. மற்றபடி சேதம் இல்லை. மரக்காலைக்குப் போய்ச் சேர்ந்தார். மயில்வாகனம் வளைந்த கால்மிதியைப் பார்த்தார்.

“என்ன, சிற்றம்பலம், திரும்பவும் விழுந்தாச்சோ? நான் சொன்னால் நீர் கேக்கமாட்டீர். நாளைக்குப் பொங்கல். திங்கக்கிழமைக்கு அந்த அறையைக் கூட்டி வைக்கட்டோ?”

“பின்னேரம் வீட்டை போனாப் பிறகுதான் தெரியும், முதலாளி.”

“அதென்ன, வீட்டை போய்க் கேட்டுத்தான் விழுந்ததோ இல்லையோ எண்டு சொல்லுவீரோ?”

“ஓம்” என்றார் சிற்றம்பலம்.

மறைத்திருக்கலாம். கால்மிதியைக் கலந்தர் நிமிர்த்தித் தந்திருப்பார். வரும் வழியில் கலந்தரும் அதைத்தான் சொன்னார். சிற்றம்பலம் கேட்கவில்லை. வளைந்த கால்மிதியோடேயே வந்து, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவிக்கு முன்னால் நின்றார். விமலேஸ்வரி பொங்கலுக்காக முற்றத்தை மெழுகிக்கொண்டிருந்தார். கலந்தரும் பின்னால் வந்தார். கால்மிதி நிமிர்த்தும் சாட்டில்தான் வந்தார். நான் வேலியடியில் நின்றேன், சாட்டு ஒன்றும் இல்லாமல்.

“சைக்கிள் விழுந்தது” என்றார் சிற்றம்பலம்.

விமலேஸ்வரி சாணிக் கையோடு நிமிர்ந்தார்.

“நான் விழேல்லை. சைக்கிள்தான் விழுந்தது. எருமை எழும்பித் தட்டினது.”

“பிள்ளையாரடியிலையோ?”

“இல்லை, அதுக்கு அங்காலை. இறங்கிக் கும்பிட்டிட்டுத்தான் போனனான்.”

“அது விழுந்த கணக்கிலை வராது, தங்கச்சி” என்றார் கலந்தர். “ஆள் நிண்டவர். சைக்கிள் படுத்தது. நான் முப்பது வருசமாச் சைக்கிள் திருத்திறன், எனக்குத் தெரியும்.”

“நானா, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ.” விமலேஸ்வரி கணவனைப் பார்த்தார். “எருமையைக் கண்ட நேரம் கை எங்கை கிடந்தது?”

“பிறேக்கிலை.”

“ரெண்டு கையுமோ?”

“வலக்கை பிறேக்கிலை, இடக்கை கிளச்சிலை. ரெண்டும் இறுக்கிப் பிடிச்சது.”

“விறைக்கேல்லையோ?”

“இல்லை. வழமாக் கிடந்தது.”

விமலேஸ்வரி அதை நிதானமாக யோசித்தார். மகள் தகப்பனின் தோளில் தொங்கிய கம்பளி நாடாவை இழுக்க, முழுவதும் கழன்று மெழுகிய ஈரத் தரையில் விழுந்தது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

“அப்ப சரி” என்றார் விமலேஸ்வரி. “கலந்தர் நானா, அந்தக் கால் மிதிக்கிறதை இருட்டுக்கு முன்னம் நிமித்திக் குடுங்கோ. திங்கக்கிழமை அவருக்குத் தேவைப்படும். இஞ்சாருங்கோ, பிள்ளையை இறக்கிப்போட்டு, பொங்கல் அடுப்புக்குக் கிணத்தடியிலை கிடக்கிற மூண்டு கல்லையும் தூக்கிக்கொண்டு வாங்கோ. கைதான் நல்லா வேலை செய்யுதே.”